நாளைக்கு வரேன்

சத்தியவேடு தாலுகா ஆந்திராவோடு சேர்ந்த வருஷம் அது. கம்பவுண்டர் செங்கல்வராயன் எந்த நோயாளிக்கும் தெம்பூட்டாமல் கிளம்ப மாட்டார். "நாளைக்கு வரேன். எழுந்து உக்காந்துக்கினு இருக்கணும்" என்பார்.

அவர் வைத்தியம் பார்த்தும் பிழைக்காத கோவர்த்தனனைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம், மூலையில் சுருண்டு கிடந்த அவன் மனைவி யசோதாவுக்கு வெகுநேரம் ஆறுதல் சொன்னார். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டார். சாவு வீட்டில் யாரும் "வரேன்" என்று சொல்வதில்லை.

சொன்ன சொல்லுக்காக மறுநாள் காலையில் போனார். யசோதா அதே மூலையில் கிடந்தாள்.

"இன்னும் எழுந்துக்கலயாம்மா?"

"என்னால முடியலண்ணா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "அவருதான் விடிகாலையே எழுந்து உக்காந்துக்கினு இருக்காரு, நீங்க வருவீங்கன்னு."

கம்பவுண்டருக்குப் பின்னால் கோவர்த்தனனின் கட்டில் கிரீச்சிட்டது. தரையில் ஈரமண் உதிர்ந்தது.