வேற கம்பெனி போன்

கம்பாலாவில் ஒரே சலூனில் தலை பின்னும் வேலை செய்யும் தோழிகள் அவர்கள். நகிமுலியின் கல்யாணப் போட்டோக்களை லமுனு கேட்கும்போதெல்லாம் நகிமுலி சொல்வாள்: "உன் போன் வேற கம்பெனிடி. என் போன்லேர்ந்து போகாது."

இன்று லமுனு துள்ளிக்கொண்டு வந்தாள். "புது அப்டேட் வந்திருக்கு! இனிமே எந்தப் போனுக்கும் போகுமாம். கொடுடி!"

நகிமுலி மறுப்பதற்குள் போனைப் பிடுங்கி, எல்லாவற்றையும் தனக்கு அனுப்பிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவளின் விரல் மெதுவானது. எதிலும் லமுனு இல்லை. பழைய உடையில் வந்த தோழியை மாமியார் வீட்டார் பார்த்துவிடக் கூடாதென்று நகிமுலியே வெட்டியெடுத்திருந்தாள். ஒரு படத்தில் மட்டும் மணப்பெண்ணின் தோள்மேல் லமுனுவின் கை மிச்சமிருந்தது.

அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள் லமுனு.

"அன்னிக்கு நான் அடுப்படியிலேயே வாழைக்காய் உரிச்சுக்கிட்டிருந்தேன்ல, அதான் எதுலயும் இல்ல. நீ ரொம்ப அழகா இருக்கடி" என்றாள்.

நகிமுலியால் தலைநிமிர முடியவில்லை.