நான்காம் மாடிக்குப் போன கடிதம்

அந்தக் கடிதம் மூன்று மேஜைகளைச் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தது.

“எழுத்தாளரம்மா, உனக்கு ரசிகர் கடிதம்” என்று பக்கத்து மேஜை அக்கா நீட்டினாள்.

குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலகத்துக்கு யாரும் நன்றி சொல்லி எழுதுவதில்லை. அக்காவின் பதினெட்டு வருஷ வேலையில் இதுதான் முதல் முறையாம்.

நான் இங்கே நான்கு மாதத் தற்காலிகம். அதுவரை வீட்டிலிருந்தபடியே பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவும், சரியாக ஒரு மணிக்குப் பசிக்கவும் இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

வீடு மாற்றிக் கேட்டு மனுப் போட்டவர்களுக்கு ‘இல்லை’ என்று பதில் அனுப்புவது என் வேலை.

அதற்கென்று எட்டு வரியில் ஒரு படிவம் இருந்தது. வரிக்கு வரி கல் கடிபடுகிற நடை. சேர்ந்த இரண்டாம் நாளே அதை மாற்றி எழுதினேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் கஷ்டத்தைத் தொட்டு, முடிவில் ஒரு வரி. மேலாளர் முதல் பத்தியைப் படித்துவிட்டு “ம்” என்றார்.

கடிதம் எழுதியிருந்த அம்மாள் நான்காம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. கணவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குகிறார்கள். தரைத்தளத்தில் ஒரு வீடு கேட்டிருந்தார்.

‘இவ்வளவு அன்பாக எங்களிடம் யாரும் “இல்லை” என்று சொன்னதில்லை, மகளே. “நீங்கள் ஏறும் ஒவ்வொரு படியும் எங்கள் நினைவில் இருக்கும்” என்று முடித்திருக்கிறீர்களே, அந்த வரியை அவருக்குத் தினமும் படித்துக் காட்டுகிறேன். உங்களால் முடிந்திருந்தால் செய்திருப்பீர்கள் என்று புரிகிறது. இனிமேல் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டோம்.’

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் வரி ஒன்றை யாரும் தினமும் படித்ததாகத் தெரியவில்லை.

பெருமையாகத்தான் இருந்தது. மறுபடியும் படித்தேன்.

அக்கா டீயை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “அட, இவங்களா. திரும்ப ஒரு தடவை போட்டிருந்தா கிடைச்சிருக்குமே.”

நான் நிமிர்ந்தேன்.

“முதல் தடவை எல்லாருக்கும் இல்லைன்னுதான்மா சொல்லுவோம். முப்பது நாளைக்குள்ள திரும்பக் கேட்டாங்கன்னா, நிஜமாவே தேவைதான்னு அனேகமா கொடுத்துடுவோம். தேதி தாண்டிடுச்சுன்னா அடுத்த வருஷம்தான். என்னமோ தெரியலை, ரெண்டு மாசமா ஒருத்தர்கூடத் திரும்பி வரலை. கீழ்த்தளத்துல மூணு வீடு பூட்டியே கிடக்கு.”

நான் பதில் அனுப்பிய தேதியைத் தேடிப் பார்த்தேன். நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

கணினியில் பழைய படிவத்தைத் திறந்தேன்.

எட்டாவது வரி அங்கேயே இருந்தது. ‘இம்முடிவை ஏற்காதவர்கள் முப்பது நாட்களுக்குள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.’

இது பின்னால் வந்தால் என் கடைசி வரி எடுபடாது என்று, நான்தான் அதை என் கடிதங்களிலிருந்து நீக்கியிருந்தேன்.