பீரோவுக்குள் ஷாக் பெட்டி

கயிறு ஆசிரியர்கள் பக்கம் இரண்டடி வந்ததும், பெற்றோர் அணியின் கடைசி ஆள் பொத்தென்று விழுந்தார்.

கூட்டம் சிரித்தது. விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கிறவர்கள் விழுவதும் பார்க்கிறவர்கள் சிரிப்பதும் வருஷா வருஷம் நடப்பதுதான்.

உடற்கல்வி ஆசிரியை கோகிலவாணி மட்டும் சிரிக்கவில்லை. விழுகிற மனுஷன் கையை ஊன்றுவான். இவர் ஊன்றவில்லை.

வாயிலிருந்த விசிலைத் துப்பிவிட்டு ஓடினாள்.

தோளைத் தட்டினாள். அசைவில்லை. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மண்டியிட்டு, கைமேல் கை வைத்து அழுத்த ஆரம்பித்தாள்.

முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக் கொடுத்திருப்பதும் அதுதான். யார் விழுந்தார் என்று பார்க்காதே, நெஞ்சைப் பார்.

கல்வராயன் மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடம். கீழேயிருந்து 108 வண்டி வளைவு வளைவாக ஏறி வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். நின்றுபோன இதயம் அதுவரைக்கும் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால்தான் கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் பயிற்சி எடுத்து வந்த கையோடு, ஆறு மாதமாக வாரம் தவறாமல் பிள்ளைகளைப் பழக்கியிருந்தாள். ஒருவன் போன் பண்ண வேண்டும். இரண்டு பேர் கூட்டத்தை விலக்க வேண்டும். ஒருத்தி ஷாக் பெட்டியை எடுத்து வர வேண்டும். இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவருகிற கருவிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

சுபாஷ் ஏற்கெனவே போனில் இடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு அபிநயா அலுவலகத்துக்குப் பறந்திருந்தாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த நேரத்திலும் கோகிலவாணிக்குப் பெருமையாக இருந்தது.

விழுந்தவரின் கைகால் ஒருமுறை வெட்டி இழுத்தது.

"வலிப்புங்க சார். இரும்பு எதுனா இருந்தா குடுங்க," என்றாள் சத்துணவு சமைக்கிற அம்சவள்ளி.

யாரோ எதையோ கொடுத்தார்கள். இதயம் நிற்கும்போதும் உடம்பு இப்படித்தான் இழுக்கும், இது வலிப்பில்லை என்று சொல்லக் கோகிலவாணிக்கு மூச்சு மிச்சமில்லை. எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தது.

அபிநயா வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"டீச்சர், பெட்டி பீரோவுல கீது. பீரோ பூட்டிக்கீது."

தலையில் அடித்துக்கொள்ளக் கை காலியாக இல்லை. சுவரில் மாட்டுங்கள், சுவரில் மாட்டுங்கள் என்று எத்தனை தடவை கத்தியிருப்பாள். தலைமையாசிரியர் பகலவன் தங்கமான மனிதர். ஆனால் விலை கூடின சாமான் எதுவானாலும் பூட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பயிற்சி நாளில் தானே எடுத்துத் தருவார், முடிந்ததும் துடைத்து உள்ளே வைப்பார். இன்று பயிற்சி நாள் இல்லை.

பகலவன் சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். சாவிக்கொத்தைக் காணோம். கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே தேடுகிற கதையாக, நின்ற இடத்திலேயே சுற்றினார்.

கோகிலவாணி பார்த்துவிட்டாள். அவள் கைக்கு ஒரு முழம் தள்ளி, விழுந்தவரின் உள்ளங்கையில் இருந்தது சாவிக்கொத்து. அது நழுவிவிடாமல் அம்சவள்ளி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிச் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரும்பு கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தது சாட்சாத் பகலவனேதான்.

"சாவி அவரு கைல கீது. புடுங்கினு ஓடு."

அபிநயா பிடுங்கினாள். அம்சவள்ளி விடுவேனா என்றாள். கடைசியில் விட்டாள்.

பதறாத காரியம் சிதறாது. கோகிலவாணி எண்ணிக்கை தவறாமல் அழுத்தினாள். தோள்பட்டை எரிந்தது. "நீங்க எழுந்துருங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்று பகலவன் இரண்டு தடவை சொன்னார். பயிற்சியில் ஒருநாளும் பொம்மையைத் தொட்டறியாதவர். பிள்ளைகளோ, விழுந்தவரை விட்டுவிட்டு டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதையெல்லாம் கவனிக்க அவளுக்கு நேரமில்லை.

பெட்டி வந்தது. கோகிலவாணி சட்டையைக் கிழித்தாள். வலது தோளுக்குக் கீழே ஒன்று, இடது விலாவில் ஒன்று என்று அபிநயா பட்டைகளை ஒட்டினாள். ஒரு விரல்கூடப் பிசகவில்லை. எல்லாரும் விலகிக்கொண்டார்கள். ஷாக் கொடுக்கச் சொல்லிப் பெட்டியே பேசியது. அபிநயா பொத்தானை அழுத்தினாள். உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கியது.

மறுபடி அழுத்தினாள். இருபது. முப்பது. நாற்பது.

கைக்கு அடியில் நெஞ்சு தானாக ஏறியது.

ஒரு முனகல் கேட்டது. பிறகு ஒரு கை மெல்ல எழுந்து, வலிக்கிறது என்பதுபோல அவள் மணிக்கட்டைத் தள்ளியது. பகலவன் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். கோகிலவாணி, விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிஷம். பீரோவில் பூட்டு இல்லையென்றால் மூன்றே நிமிஷம். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தாழ்வாரச் சுவரில் ஆணி அடித்தாக வேண்டும்.

சுபாஷை அழைத்து, வண்டிக்கு வழிகாட்ட நாலு பேரைச் சாலைக்கு அனுப்பச் சொன்னாள். கூட்டத்தை இன்னும் தள்ளி நிற்கச் சொன்னாள். எல்லாம் சொன்ன சொல்லுக்கு நடந்தது.

அபிநயா மட்டும் விழுந்தவரின் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைத்தால் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று, ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றே கோகிலவாணி அவளிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். நாலு வருஷத்தில் அந்தப் பெண் ஒருதரம்கூடத் தவறியதில்லை.

"அம்மா, இங்க பாரு. அப்பா கண்ணத் தொறந்துட்டாரு."