மேட்ச் பார்க்காத மாப்பிள்ளை

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இரும்புலியூருக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டார்கள். வழியிலேயே ஜெயசீலி மகனை எச்சரித்தாள்.

"கிரிக்கெட், கபடின்னு டிவி முன்னாடியே கிடக்கிற கதையை அங்க அளக்காதே, ஜெர்சன். பொறுப்பில்லாத பையன்னு நினைச்சுடுவாங்க."

ஜெர்சனுக்குப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பெயர் ஜோசலின், ரயில்வேயில் கிளார்க். தனியாகப் பேச இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

"சாயங்காலம் மேட்ச்லாம் பார்ப்பீங்களா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"சேச்சே! யாரோ ஆடுறாங்க, யாரோ ஜெயிக்கிறாங்க. அதை உட்கார்ந்து பார்க்க நான் என்ன வேலையத்தவனா?"

"ஒரு தடவைகூட பார்த்ததில்லையா?"

"டைம் வேஸ்ட்டுங்க."

அவள் முகம் வாடியது. "எனக்கு இந்த வேலையே விளையாட்டு கோட்டாவுல கிடைச்சது. நான் கபடி பிளேயர். சொன்னா வரன் அமையாதுன்னு அம்மா மறைச்சுட்டாங்க. நீங்க சொல்ற வேலையத்தவங்க வந்து பார்க்கலைன்னா எங்களுக்கு ஆட்டமே கிடையாதுங்க."

படிக்கட்டுப் பக்கம் திரும்பியவளை ஜெர்சன் அவசரமாக நிறுத்தினான்.

"பொய் சொல்லிட்டேங்க! நான் ஒரு மேட்ச்கூட விடமாட்டேன்."

"இது பொய் இல்லைன்னு எப்படி நம்புறது? போனஸ் பாயின்ட் எப்ப கிடைக்கும், சொல்லுங்க."

"எதிர்ல ஆறு பேராவது இருக்கணும். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டணும். அப்போ இன்னொரு கால் தரையில படக் கூடாது."

ஜோசலின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தாள்.

"அம்மா, நாங்க இறங்கி வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும்!"