குதிரை மறுத்த பாதை

மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே குதிரை நின்றுவிட்டது. குதிரைக்காரர் பரக்கத் கடிவாளத்தை இழுத்தும் கழுத்தைத் தட்டிக்கொடுத்தும் பார்த்தார். அது காதுகளை விடைத்துக்கொண்டு, மேலே இருந்த பனிமூட்டத்தையே பார்த்தது.

"தினமும் ஏறுற வழிதாம்மா. ஒருநாளும் இப்படி அடம்பிடிச்சதில்ல. இறங்கிடுங்க, இன்னிக்கு வேணாம்."

"என் வீட்டுக்காரர் முன்னாடியே சைக்கிள்ல போயிட்டாருங்களே," என்றாள் செலின். மூட்டுவலியால் நடந்து ஏற முடியாது என்றுதான் அவள் குதிரை பிடித்திருந்தாள். மலையுச்சியில் சந்திப்பதாகப் பேச்சு.

அவள் இறங்கியதும் பரக்கத் குதிரையைத் திருப்பினார்.

செலின் கணவனைப் போனில் அழைத்தாள். இந்நேரம் உச்சியை எட்டியிருக்க வேண்டியவனின் போன், பனிக்குள் வெகு அருகில் ஒலித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"விளையாடாதீங்க, வெளிய வாங்க!"

யாரும் வரவில்லை. போனின் மணியொலி மட்டும் மெல்லப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தது. கூடவே காலடிச் சத்தம் இல்லை. சைக்கிள் சக்கரத்தின் சத்தமும் இல்லை. குதிரை கால்களை உதறிக் கனைத்தது.

"போனைக் கட் பண்ணுங்கம்மா," என்றார் பரக்கத், பாதையைத் திரும்பிப் பார்க்காமல்.

ஒலி இன்னும் நெருங்கியது.

"அப்பவே பண்ணிட்டேண்ணே," என்றாள் செலின்.