ஏழு எலும்பும் ஒரு கிளையும்

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எலும்புகள் ஏராளம் என்று நம்புகிறவர்கள் இன்றே திருந்திக்கொள்ள வேண்டும்: ஏழுதான். சுண்டெலிக்கும் ஏழுதான். இதில் சுண்டெலிக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமை உண்டு.

அதன் தோழியான ஒட்டகச்சிவிங்கிக்குப் பத்து நாளாக முன்னங்கால் மரத்துப்போய், குளம்புவரை சுரீரென்று இழுத்தது. ஓட முடியாத ஒட்டகச்சிவிங்கியைச் சிங்கம் சும்மா விடாது. பயந்துபோன சுண்டெலி தினமும் குளம்பில் பச்சிலை அரைத்துப் பூசியது. வலி குறையவில்லை.

வைத்தியம் தெரிந்த கொக்கு வந்தது. காலை அது பார்க்கவே இல்லை; கழுத்தின் அடியில் அலகால் அழுத்தியது. ஒட்டகச்சிவிங்கி காலை உதறியது.

"வலி காலில், கோளாறு கழுத்தில். நரம்பு இங்கேதான் நசுங்குகிறது. தினமும் எதற்கம்மா தலையைத் தரைவரை தொங்கப்போடுகிறாய்?"

"புல் மேயத்தான்."

"நீ புல் மேய்ந்து யார் பார்த்தது?"

ஒட்டகச்சிவிங்கி வானத்தைப் பார்த்தது. சுண்டெலிக்குப் புரிந்துவிட்டது. மாலைதோறும் மணிக்கணக்காக ஊர்வம்பு பேசியது அதுதானே. அந்தக் கீச்சுக்குரலைக் கேட்கத்தான் தோழி குனிந்திருக்கிறது.

"தலை நிமிர்ந்தே இருக்கட்டும். கழுத்தை மெல்ல அசைத்துக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்தது.

மறுநாள் மாலை, "அடி நெட்டச்சி, இங்கே பாருடி!" என்ற குரல் வேலமரத்தில் ஒட்டகச்சிவிங்கியின் காதுக்கு நேராக இருந்த கிளையிலிருந்து மூச்சிரைக்க வந்தது.

மழைக்காலத்துக்குள் ஒட்டகச்சிவிங்கி ஓடத் தொடங்கிவிட்டது. வேலமரத்தில் அதற்கு எட்டிய கிளைகளெல்லாம் மொட்டையாகிவிட்டன. காதுக்கு நேராக இருந்த அந்த ஒரு கிளையில் மட்டும் இலை அப்படியே இருந்தது.