ஸ்டெல்லா காட்டிய திரை

ஒரகடத்துத் தொழிற்சாலையில் அருள்மேரிக்குக் கைபேசித் திரைகளில் வெளிச்சக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. திரையில் இருப்பது உரியவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு வெறும் கறுப்பு. ஒரு புள்ளி கசிந்தாலும் அந்தத் திரையைக் கழித்துவிடுவாள். அப்படித் தேறிய ஒன்றைத்தான் மகள் ஸ்டெல்லாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

நுரையீரல் காய்ச்சலில் ஸ்டெல்லா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் காலை சைகையால் கைபேசியைக் கேட்டு வாங்கி, ஒற்றை விரலால் நெடுநேரம் எதையோ தட்டினாள். அது தன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பதைக் காய்ச்சல் மயக்கத்தில் மறந்து, திரையை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

அருள்மேரி நேராகப் பார்த்தாள், தலையைச் சாய்த்து ஓரமாகவும் பார்த்தாள். எங்கும் ஒரே கறுப்பு.

மகள் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துவண்டு கிடந்த அந்தக் கையை இன்னொரு முறை எழுதச் சொல்ல அருள்மேரிக்கு மனம் வரவில்லை.

"சரிடி தங்கம், அப்படியே செய்றேன்," என்றாள்.

ஸ்டெல்லாவின் முகம் தெளிந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். மதியம் உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், கைபேசியோடு தொழிற்சாலைப் பொறியாளரிடம் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணு கண்ணு இல்லாம யாராலயும் பாக்க முடியாதுக்கா," என்றார் அவர். "உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்," என்றாள் அருள்மேரி. "ஆனா நான் செய்றேன்னு சொல்லிட்டேனே."